ஐஸ்லாந்து ஆடவர் கால்பந்து: இரண்டாம் நிலைப் பிரிவு, 2023

ஐஸ்லாந்து கால்பந்தில் உச்சப் பிரிவுக்கு அடுத்த படி இது. அங்கு அதன் பெயர் '1. டெய்ல்ட்'; விளம்பரதாரர் பெயரால் 'லெங்யுடெய்ல்ட்' என்றும் வழங்கும். குளிர்காலம் நீண்ட நாடு என்பதால் ஆட்டங்கள் மே முதல் செப்டம்பர் வரைதான். 12 அணிகள், ஆளுக்கு 22 ஆட்டங்கள்.

முன்பு முதல் இரு அணிகளும் நேரே மேலே போகும். 2023இல் விதி மாறியது: முதலிடத்துக்கு மட்டுமே நேரடி உயர்வு, 2 முதல் 5 வரையுள்ள அணிகள் இன்னோர் இடத்துக்குத் தமக்குள் மோத வேண்டும்.

முதற்பாதியில் கொடிகட்டிப் பறந்தது மொஸ்ஃபெல்ஸ்பைர் ஊரின் அஃப்துரெல்டிங். கடைசியில் பட்டம் அக்ரானெஸின் ஐ.ஏ. அணிக்குப் போனது. 18 முறை தேசிய வாகையர். முந்தைய ஆண்டுதான் கீழிறங்கியிருந்தனர். பழைய விதியாக இருந்தால் இரண்டாமிடம் பிடித்த அஃப்துரெல்டிங்கும் உயர்ந்திருக்கும். புது விதியின் முதல் பலி அதுதான் எனலாம்.

அந்த இன்னோர் இடத்துக்காகத் தலைநகர் ரெய்க்யாவிக்கின் தேசிய அரங்கில் நடந்த இறுதியாட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டது. ஒரே கோலில் அஃப்துரெல்டிங்கைச் சாய்த்தது வெஸ்த்ரி. வடமேற்கு மூலையில், மலைகளுக்கிடையே ஒடுங்கிய ஈசாஃப்யோர்துர் ஊரின் அணி. 1980களுக்குப் பின் அவ்வூருக்கு உச்சப் பிரிவு கிட்டியது இதுவே முதல்முறை. ஆனால் ஊர்த் திடலில் செயற்கைப் புல் பதிக்கும் வேலை முடியாததால், 2024இன் தொடக்க 'சொந்த' ஆட்டங்களைத் தலைநகரில்தான் ஆடினார்கள்.

செல்ஃபோஸ், ஐகிர் இரண்டும் கீழிறங்கின. அஃப்துரெல்டிங் மறு ஆண்டே அதே இறுதியாட்டத்தில் கெப்லாவிக்கை வென்று உயர்ந்தது.