எதிரே யார் அமர்வது?

பலகை ஆட்டங்களின் வரலாற்றை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயர், வெளியான ஆண்டு, விற்பனை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை ஒரு சமூக ஆவணமாக வாசிக்கும் பழக்கம் நம் துறையில் இன்னும் வேரூன்றவில்லை. அவ்வாறு வாசித்தால் எழும் முதற் கேள்வி மிக எளியது: மேசையைச் சுற்றி ஒரு குடும்பம் அமரும்போது, எதிர்ப்பக்கத்தில் யார் அமர்கிறார்?

இக்கேள்வியை முன்வைத்து, கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவான கூட்டுச் சாகச ஆட்டங்களின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அறியாதவர்களுக்காக ஒரு சொல்: இவ்வகை ஆட்டங்களில் ஒருவர் வாள்வீரராகவும், ஒருவர் மந்திரவாதியாகவும், மற்றொருவர் வில்லாளியாகவும் வேடமேற்பர். குகைகளும் கோட்டைகளும் அரக்கர்களும் நிறைந்த கற்பனை உலகினூடே அனைவரும் ஒன்றாகப் பயணம் செய்வர். வென்றால் அனைவரும் வெல்வர். தோற்றால் அனைவரும் தோற்பர். தந்தை மகளைத் தோற்கடிப்பதோ, அண்ணன் தம்பியை வெட்டி வீட்டுக்கு அனுப்புவதோ இங்கில்லை.

இந்தியப் பின்னணியில் தொடங்குவது தகும். நம் மரபில் இதன் இரு பாதிகளும் தனித்தனியே இருந்தன என்பது என் கருத்து. சௌபர், பச்சீசி ஆகிய ஆட்டங்களை நால்வர் ஆடும்போது எதிரெதிரே அமர்வோர் இருவர் இருவராகக் கூட்டாளிகள். தன் காய்கள் கரையேறினால் மட்டும் போதாது. கூட்டாளியின் காய்களும் ஏற வேண்டும். ஆயினும் அக்கூட்டுறவு மற்றோர் இணையை வீழ்த்துவதற்கானது. மறுபுறம் ஞான சௌபர், நாம் பரமபதம் என அறியும் ஆட்டத்தின் உறவு. வைணவப் படங்களில் 72 கட்டங்களும் சமணப் படங்களில் 84 கட்டங்களும் கொண்டவை பல அருங்காட்சியகங்களில் உள்ளன. அங்கே எதிரி மனிதர் அல்லர். பாம்புகள் வரைந்த பலகையே எதிரி. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் வினைக்கேற்பத் தனியே ஏறித் தனியே இறங்குகின்றனர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்துக் குடும்பமே சுற்றியமர்ந்து ஆடினாலும், பாம்பு விழுங்கிய தங்கையைத் தூக்கிவிட அக்காவுக்கு விதியில் வழியில்லை. வினைக்கொள்கையைக் கற்பிக்கும் ஆட்டத்தில் அத்தகைய வழி இருந்திருந்தால்தான் வியப்பு. கூட்டாளி ஓரிடத்தில், எதிரியான பலகை வேறோரிடத்தில். இரண்டும் ஒரே ஆட்டத்தில் இணையவில்லை.

அவை இணைந்த கதை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிறு நகரில், ஒரு குடும்பத்தில்தான் தொடங்குகிறது. 1972இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் நடத்திக் காட்டிய புதுவகை விளையாட்டால் ஈர்க்கப்பட்டுத் தாமும் ஒரு நிலவறையைக் கற்பனையாக வரைந்தார். அதனுள் முதலில் நுழைந்தவர்கள் அவருடைய மகனும் மகளும். பிள்ளைகள் இருவரும் ஒரே அணி. கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர் தந்தை ஒருவரே. 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வமைப்பை உலகெங்கும் கொண்டு சென்றது. முதற் பதிப்பு 1000 பிரதிகள் மட்டுமே.

இந்த அமைப்பில் ஓர் ஏற்றத்தாழ்வு உறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்குள் கூட்டுறவு உண்டு. ஆனால் அரக்கர்களுக்காகப் பேசுபவரும், பகடையை மறைத்து உருட்டுபவரும், இரங்குவதா தண்டிப்பதா எனத் தீர்மானிப்பவரும் மறுபுறம் இருக்கிறார். ஒரு குடும்பத்தில் அவ்விடம் பெரும்பாலும் யாருக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விதிகளைப் படித்தவர், நேரமும் உரத்த குரலும் உடையவர், பெரியவர். பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன வருமோ என்று பிள்ளையோடு சேர்ந்து அஞ்சும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

அந்த நடுவரை நீக்கிவிட்டுப் பெட்டிக்குள் அடங்கும் பலகை ஆட்டமாக மாற்ற முயன்றபோது நடந்தது வியப்புக்குரியது. 1975இல் டேவிட் மெகாரி வடிவமைத்த ‘டஞ்சன்!’ வெளிவந்தது. நடுவர் போனார், அவரோடு கூட்டுறவும் போயிற்று. ஒவ்வொருவரும் குறிப்பிட்ட மதிப்புள்ள புதையலைத் திரட்டிக்கொண்டு முதலில் வெளியேற ஓடினர். 1983இல் இங்கிலாந்தில் வெளியான ‘டாலிஸ்மன்’ ஆட்டமும் அவ்வழியே சென்றது. அரக்கர்களைக் காகிதத்தில் அச்சிட முடிந்ததே தவிர, ஓர் அணியை ஒன்றாக எதிர்த்து நிற்கும் அறிவை அச்சிடுவது எவ்வாறு என்பது அப்போது பிடிபடவில்லை.

அதற்கான விடையின் ஒரு பகுதி முற்றிலும் வேறொரு மூலையிலிருந்து, போரை வெறுத்தவர்களிடமிருந்து வந்தது. 1950இலேயே செயின்ட் லூயிஸ் நகரில் தியோடர் லென்ட்ஸும் ரூத் கார்னீலியஸும் கூட்டுறவு விளையாட்டுகளுக்கென ஒரு கையேடு வெளியிட்டனர். லென்ட்ஸ் சமாதான ஆய்வில் ஈடுபட்டவர். கைகாக்ஸின் பிள்ளைகள் நிலவறைக்குள் இறங்கிய அதே 1972இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜிம் டீகோவ் ‘ஃபேமிலி பாஸ்டைம்ஸ்’ என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி, யாரும் யாரையும் வீழ்த்தாத ஆட்டங்களை மட்டுமே வெளியிட்டார். அவருடைய ‘மேக்ஸ்’ ஆட்டத்தில் குருவியும் அணிலும் அவற்றையொத்த சிற்றுயிரும் பூனையிடம் அகப்படாமல் வீடு சேர வேண்டும். பகடையில் ஒரு நிறப் புள்ளி விழுந்தால் சிற்றுயிர்கள் நகரும். மற்ற நிறம் விழுந்தால் பூனை நகரும். பூனையை நகர்த்துவது பகடை. அதன் சார்பாகச் சிந்திப்பவர் யாருமில்லை. 1986இல் ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் வெளியிட்ட ‘ஓப்ஸ்ட்கார்ட்டன்’ என்னும் பழத்தோட்ட ஆட்டமும் இத்தகையதே. பகடையில் காகம் விழும்போதெல்லாம் ஒன்பது துண்டுகள் கொண்ட காகப் படத்தில் ஒரு துண்டு சேரும். படம் நிறைவதற்குள் பிள்ளைகள் பழங்களைப் பறித்து முடிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையும் தாத்தாவும் ஒரே நேரத்தில் காகத்தைப் பார்த்துப் பதறும் ஆட்டம் அது.

இவ்விரு ஓடைகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே ஓடின. ஒன்றில் கற்பனையும் அச்சமும் இருந்தன, சமத்துவம் இல்லை. மற்றொன்றில் சமத்துவம் இருந்தது. பத்து வயதைக் கடந்தவரைக் கட்டிப்போடும் ஆழம் குறைவு. 1989இல் ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்து மில்டன் பிராட்லி வெளியிட்ட ‘ஹீரோக்வெஸ்ட்’ கற்பனைச் சாகசத்தை இலட்சக்கணக்கான வீடுகளின் மேசைக்குக் கொண்டு வந்தது. ஆனால் அங்கும் நான்கு வீரர்கள் ஒருபுறம், திரைக்குப் பின்னே தீய மந்திரவாதியாக ஒருவர் மறுபுறம். லேக் ஜெனீவாவின் இருக்கை அமைப்பு அப்படியே தொடர்ந்தது. விதிவிலக்குகள் இருந்தன. ரிச்சர்ட் லானியஸின் ‘ஆர்க்கம் ஹாரர்’ 1987லும் ‘வார்ஹாமர் குவெஸ்ட்’ 1995லும் எதிரியைச் சீட்டுக்கட்டுகளிடம் ஒப்படைத்தன. எனினும் அவை குடும்ப மேசைக்கென உருவானவை அல்ல.

திருப்பம் 2000இல் நிகழ்ந்தது. உல்ம் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரைனர் க்னீட்சியா, டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையைக் கூட்டு ஆட்டமாக வடிவமைத்தார். இவ்வாட்டத்தில் வாள்வீரர்களே இல்லை. ஆட்டக்காரர்கள் அனைவரும் சிறிய ஹாபிட்டுகள். ஒரு நீண்ட கோட்டின் ஒரு முனையில் அவர்களும் மறுமுனையில் சவுரோனும். அச்சமும் மோதிரத்தின் மயக்கமும் ஹாபிட்டுகளை முன்னிழுக்க, தீமை அவர்களை நோக்கி வரும். மோதிரம் ஏந்தியவர் சவுரோனைச் சந்தித்தால் அனைவருக்கும் தோல்வி. மற்றவர்கள் சந்தித்தால் அவர் மட்டும் விலக, ஆட்டம் தொடரும். ஆகவே ஒருவர் தம்மை இழந்து மற்றவரைக் காக்கலாம். எதிரிக்கு ஒரு மனிதர் தேவையில்லை, ஒரு கோடும் சில அட்டைகளும் போதும் என்பதை இவ்வாட்டம் நிறுவியது. பின்னர் ‘பாண்டமிக்’ ஆட்டத்தை உருவாக்கிய மேட் லீகாக், இதிலிருந்தே தூண்டுதல் பெற்றதாகக் கூறியிருக்கிறார்.

2012ஆம் ஆண்டை இவ்வரலாற்றில் தனித்துக் குறிப்பிட வேண்டும். அவ்வாண்டில் இரு ஆட்டங்கள் வெளியாயின. இரண்டுமே தந்தையர் தம் பிள்ளைகளோடு ஆடும் விருப்பத்திலிருந்து பிறந்தவை. ஒன்று, ஓவியர் மிகேல் மென்செல் உருவாக்கிய ஜெர்மானிய ஆட்டமான ‘ஆண்டோர்’. மற்றொன்று, அமெரிக்கரான ஜெர்ரி ஹாதோர்னின் ‘மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ்’.

‘ஆண்டோர்’ ஆட்டத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. அரக்கர்கள் ஒவ்வொரு விடியலிலும் அம்புக்குறிகளைப் பின்பற்றிக் கோட்டையை நோக்கி ஒரு கட்டம் நகர்வர். கோட்டை தாங்கக்கூடிய அரக்கர்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. வெளியே சிதறிக் கிடக்கும் உழவர்களை அழைத்து வந்து சேர்த்தால் அவ்வெல்லை உயரும். இது மட்டுமெனில் எல்லா அரக்கர்களையும் கொன்று குவித்துவிடலாம். அங்கேதான் மென்செல் ஒரு தடை வைத்தார். பலகையின் ஓரத்தில் ‘கதைசொல்லி’ என்றொரு காய் இருக்கிறது. ஒவ்வொரு விடியலிலும் அது ஓர் எழுத்து முன்னேறும். ஓர் அரக்கனைக் கொன்றாலும் முன்னேறும். அது முடிவெழுத்தை எட்டுவதற்குள் பணி நிறைவேற வேண்டும். எனவே எந்த அரக்கனைக் கொல்வது, எவனை விட்டுவிடுவது, யாரை உழவரை அழைத்துவர அனுப்புவது எனப் பேசியே ஆக வேண்டும். கொல்வதற்கு விலை வைத்த சாகச ஆட்டம் இது. 2013இல் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான ஜெர்மனியின் ‘கென்னர்ஷ்பீல்’ விருதையும் பெற்றது.

‘மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ்’ வேறொன்றைச் செய்தது. அரசகுமாரனும் அவன் துணைவர்களும் எலிகளாக மாறி அரண்மனைச் சுவர்களுக்குள் திரிகின்றனர். கரப்பான்பூச்சி அவர்களுக்கு அரக்கன். ஆட்டப்பெட்டிக்குள் ஒரு கதைப்புத்தகம் உண்டு. அதை உரக்க வாசித்தபடியே ஆட வேண்டும். பழைய நடுவரின் பணி இங்கே இரண்டாகப் பிளந்திருப்பதைக் காணலாம். தீர்ப்பளிப்பது அட்டைகளுக்கும் பகடைக்கும் சென்றது. கதை சொல்வது புத்தகத்துக்குச் சென்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் கதைசொல்லி ஆகலாம். எட்டு வயது மகள் வாசிக்க, தாய் கேட்டு நடுங்கலாம்.

இந்த இடப்பெயர்ச்சியின் தெளிவான சான்று ‘ஹீரோக்வெஸ்ட்’ ஆட்டத்தின் பிற்கால வாழ்வில் கிடைக்கிறது. 2021இல் அது மீண்டும் வெளியிடப்பட்டபோது, உடன் வந்த இலவசக் கைபேசிச் செயலி தீய மந்திரவாதியின் இடத்தை ஏற்றுக்கொள்ளும் வசதி தந்தது. 1989இல் தந்தை அமர்ந்த நாற்காலியில் இப்போது ஒரு கைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதை வெறும் முன்னேற்றக் கதையாக எழுதிவிட எனக்குத் தயக்கம் உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்து வந்த பெரியவர், பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்ததும் என்ன செய்கிறார்? அனைவரின் அட்டைகளும் திறந்திருக்கின்றன. அனைவரின் இலக்கும் ஒன்று. ஆகவே கணக்கில் வல்லவர் ஒருவர் அனைவரின் நகர்வுகளையும் தாமே தீர்மானித்துவிட முடியும். “நீ இங்கே போ, நீ அதை எடு, உன் மந்திரத்தை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்.” ஆங்கிலத்தில் இதனை ‘ஆல்ஃபா பிளேயர்’ சிக்கல் என்பர். போட்டி ஆட்டத்தில் தோற்கும் குழந்தைக்குத் தன் காயை நகர்த்தும் உரிமையாவது இருந்தது. இங்கே வெற்றியில் பங்கு உண்டு. விருப்பத்தில் பங்கு இல்லாமற் போகலாம். குடும்பத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் குறித்து ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் இவ்வடிவத்தை உடனே அடையாளம் காண்பர். ‘எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு’ என்ற தொடருக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் ஒரே குரல் ஒலிக்கிறது!

ஆட்ட வடிவமைப்பாளர்கள் இதனை உணர்ந்தே இருந்தனர். அண்மைக்கால ஆட்ட விதிகள் பலவற்றை அந்த ஒற்றைக் குரலோடு நடந்த வழக்காகவே நான் வாசிக்கிறேன். 2013இல் ஜெர்மனியின் ஆண்டு விருதைப் பெற்ற ஆன்ட்வான் போசாவின் ‘ஹனாபி’யில் தன் அட்டைகளைத் தானே பார்க்கக் கூடாது, மற்றவர்களுக்கு மட்டுமே அவை தெரியும். எனவே எவரும் முழுமையறிந்தவர் அல்லர். 2017இல் வெளியான ஐசக் சில்ட்ரஸின் ‘குளூம்ஹேவன்’, 95 கதைக்களங்களும் ஏறத்தாழ 10 கிலோ எடையும் கொண்ட பெரும் பெட்டி. அதில் ஆட்டக்காரர்கள் தம் அட்டைகளைத் திறந்து காட்டக் கூடாது; துல்லியமான எண்களைச் சொல்லவும் கூடாது. “விரைவாகச் செல்வேன்”, “கொஞ்சம் தாமதிப்பேன்” என்பதற்கு மேல் பேச்சில்லை. மூளையில் கணக்குப்போடும் மூத்தவருக்கு எண்கள் கிடைக்காமற் செய்யும் விதி இது.

அதே 2017இல் கேஸ்பர் லாப் வடிவமைத்த ‘மேஜிக் மேஸ்’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. காட்டுவீரன், மந்திரவாதி, எல்ஃப், குள்ளன் என நான்கு வழக்கமான சாகசக்காரர்கள் ஒரு வணிக வளாகத்தில் தம் ஆயுதங்களைத் திருடித் தப்ப வேண்டும். எந்தச் சாகசக்காரரும் எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லை. ஒருவர் அனைவரையும் வடக்கே மட்டும் நகர்த்தலாம். மற்றொருவர் கிழக்கே மட்டும். மணற்கடிகாரம் ஓடும். அதைத் திருப்பிவைக்கும் தருணங்கள் தவிர, ஆட்டம் நடக்கையில் பேசவோ சைகை காட்டவோ கூடாது.

ஆனால் அந்தப் பெட்டியிலேயே பெரிய சிவப்புக் காய் ஒன்றும் இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விழித்துக்கொண்டிருப்பவர் முன் அதை எடுத்து வைக்கலாம். ‘டொக் டொக்’ என்று தட்டவும் செய்யலாம். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மட்டும் முடியாது. குடும்பங்களிடையே களப்பணி செய்ய விரும்பும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மாலைப் பொழுதில் அந்தச் சிவப்புக் காயை யார் எத்தனை முறை எடுக்கிறார், யார் முன் வைக்கிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.