ஏலத்துக்கு வந்த கணிப்பொறிகள்



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் 'லேலாங்' என்ற சொல்லை அறியாதவர் இருக்க முடியாது. தோட்டம் கைமாறும்போது ஆபீஸ் மேசை, இரும்பு அலமாரி, பால் நிறுத்த தராசு எல்லாம் அஞ்சடியில் வரிசையாக அடுக்கப்பட்டு லேலாங்குக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். தமிழில் ஏலம் என்கிறோம். ஏலம், லேலாங் ஆகிய இரண்டு சொற்களும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை என்பர் மொழி ஆய்வாளர். இன்று நாம் பேசப்போவது பழைய கணிப்பொறிகள் ஏலத்துக்கு வந்த கதை.

அமெரிக்காவில் சியாட்டல் என்றொரு நகரம். அங்கே 1968ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாய்மார் சங்கம் பழைய சாமான்களை விற்றுப் பணம் சேர்த்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கு ஒரு தட்டச்சு முனையம் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக அது வேறோர் இடத்திலிருந்த பெரிய கணிப்பொறியோடு பேசும். அதன் முன்னால் இரவு பகல் பாராமல் உட்கார்ந்த மாணவர்களில் இருவர் பால் ஆலன், பில் கேட்ஸ். 1975இல் இவர்கள் தொடங்கியதே மைக்ரோசாப்ட் நிறுவனம்.

செல்வம் சேர்ந்தபின் ஆலன் தம் பள்ளிப் பருவத்து யந்திரங்களைத் தேடித் தேடி வாங்கினார். 2012இல் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டவில்லை. பழுது பார்த்து ஓடவிட்டார். சிறுவர்கள் தொட்டு இயக்கிப் பார்க்கலாம். 2018இல் ஆலன் காலமானார். 2020இல் பெருந்தொற்று வந்து கதவை மூடியது. 2024இல் இனித் திறப்பதில்லை என்று முடிவாகி, கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் வழியாகப் பல யந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. கிடைத்த பணம் அறக்காரியங்களுக்கு என்றார்கள். ஆயினும் ஒன்றாக இருந்தவை ஆளுக்கொரு திசையாகப் போயின. தோட்டம் துண்டாடப்பட்டு, அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் பிரிந்து போனதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த ஏலத்தில் ஸ்டீவ் ஜாப்சின் அலுவலகத்தில் இருந்த 'ஆப்பிள் ஒன்று' 9 லட்சத்து 45 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ 40 லட்சம் வெள்ளி. 1976இல் அந்த வகை யந்திரத்தின் விலை 666 டாலரும் சில்லறையும்தான். செய்யப்பட்டவையோ ஏறக்குறைய 200. அடுத்த மாடல் வந்ததும் நிறுவனமே பழையதை மாற்றாக வாங்கி அழித்தது. குப்பையில் போட்டதனாலேயே மீதிக்கு இந்த விலை ஏறியது!

ஆனால் எங்கள் மனத்தைத் தொட்ட யந்திரம் வேறு. அது எந்த ஏலத்திலும் புகழ் பெறவில்லை.

லண்டனில் லயன்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. நம் லயன் வீடுகளுக்கும் அதற்கும் உறவில்லை. அது தேயிலையும் ரொட்டியும் விற்று, ஊரெங்கும் தேநீர்க் கடை நடத்திய கம்பெனி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணிப்பொறி கட்ட 3,000 பவுன் கொடுத்து உதவி, அதைப் பார்த்துத் தானும் ஒன்றைக் கட்டியது. பெயர் லியோ. 1951 நவம்பரில் அது அலுவலகக் கணக்கை வாரந்தோறும் போடத் தொடங்கியது. வணிக அலுவலக வேலையில் முறையாக இறங்கிய முதல் கணிப்பொறி இதுவே. நம் நாட்டில் ஊழியர் சேமநிதி தொடங்கியதும் அதே 1951தான்.

தாத்தா காலத்து வானொலிப் பெட்டியில் நாலைந்து வால்வுகள் இருக்கும். லியோவில் ஏறத்தாழ 6,000. எண்களை நினைவில் வைத்துக்கொள்ள நீண்ட குழாய்களில் பாதரசம் நிரப்பி, அதனுள்ளே ஒலித் துடிப்புகளைச் சுற்றவிட்டார்கள். 1954இல் அது ஆயிரக்கணக்கான தொழிலாளரின் சம்பளத்தைப் போட்டது. தேர்ந்த கிராணி ஒருவருக்கு ஓர் ஆளின் கணக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். லியோவுக்கு ஒன்றரை விநாடி. வேலை செய்த நேரம், கூலி, வரி, முன்பணப் பிடித்தம் எல்லாம் அதற்குள் அடக்கம். நம் செக்ரோல் புத்தகத்தின் வேலைதான் அது.

1965 ஜனவரியில் லியோவை நிறுத்தினார்கள். கழற்றிப் பழைய இரும்பாக விற்றார்கள். ஒருசில பகுதிகளே எஞ்சின. பணக்காரரின் மேசையில் இருந்தது லட்சங்களுக்குப் போகிறது. தொழிலாளியின் கூலியைப் போட்டது இரும்புக் கடைக்குப் போகிறது. எங்களுக்கு இது நியாயமாகப் படவில்லை.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், ஒரு தோட்டத்தின் ஆபீஸ் சாமான்கள் லேலாங்குக்குப் போயின. சம்பளக் கணக்கு வைத்திருந்த கணிப்பொறியும் அலமாரிகளோடு லாரியில் ஏறியது. பிற்பாடு ஒரு பாட்டி எங்கள் பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரே, நான் பால் வெட்டின வருசத்தைக் கொறைச்சுப் போட்டிருக்காங்க. என்கிட்ட சீட்டு இருக்கு, பாருங்க" என்று தகரப்பெட்டியைத் திறந்தார்.

வருடக் கணக்கு சாதாரணமானதன்று. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்பில் வேலை இழப்பவர் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்திருந்தால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. ஓராண்டு காணாமற்போனால் 20 நாள் கூலி காணாமற்போகும்.

சீட்டுகளை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அடுக்கினோம். கிராணி மையில் எழுதிய பழைய சீட்டுகள் இன்றும் தெளிவாக இருந்தன. ஓரத்தில் துளை வரிசையுள்ள கணிப்பொறிச் சீட்டுகள்தாம் வெளுத்துப் போயிருந்தன; வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. 1974 முதல் 1998 வரை பெரும்பாலும் கிடைத்துவிட்டன. 1983க்கு ஒன்றும் இல்லை. பாட்டியோடு அதே நிரையில் வெட்டிய அம்மா ஒருவர் இப்போது ஈஜோக்கில் இருக்கிறாராம். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறது என்று கேள்வி. வரும் சனிக்கிழமை போகிறோம்.