எசல பெரஹராவும் கண்டி முஸ்லிம்களும்: பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு



எசல மாதம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் வகுப்பறையில் ஒரு கேள்வி எழும். "பெரஹரா அவங்கட தானே சேர், நமக்கென்ன?" பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வீதி மூடுவார்கள், பஸ் ஓடாது, கடையை நேரத்தோடு பூட்ட வேண்டும் என்பதற்கு மேல் நம் வீடுகளில் பெரஹராவைப் பற்றி நாம் பேசுவதில்லையே.

வணக்கம் வேறு, வரலாறு வேறு. நம் மார்க்கத்தில் உறுதியாக இருந்துகொண்டே, நாம் வாழும் ஊரின் வரலாற்றை அறிந்துகொள்ளலாம். அறியாமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலையும் பெரிது.

முதலில் விழாவைப் பார்ப்போம். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களிலும் 'கப்' நடுவதோடு விழா தொடங்கும். பின்னர் கும்பல் பெரஹரா, அதன்பின் ரந்தோலி பெரஹரா. முடிவில் கெட்டம்பேயில் மாவலி கங்கையில் நீர் வெட்டும் சடங்கு. வாளால் நீரை வெட்டிக் குடங்களில் எடுத்து, மறு ஆண்டு வரை தேவாலயங்களில் வைத்திருப்பார்கள். மழையையும் விளைச்சலையும் வேண்டிய பழைய விழாவின் அடையாளம் இது. மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் கண்டியைச் சுற்றி ஓடும் மாவலிதான் அன்று இராச்சியத்தின் அரண். இன்று நம்மில் பலரது வீட்டுக் குழாயில் வருவதும் அதே மாவலி நீர்தான்.

இன்று நாம் காண்பதுபோல் தலதா பேழை முன்னே செல்லும் வழக்கம் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் (1747–1782) வந்தது. இலங்கையில் உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்ததால், 1753 இல் சியாம் நாட்டிலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களை ஏற்றி வந்தது ஒல்லாந்தர் கப்பல். பெரஹரா அப்போது தெய்வங்களுக்கான விழாவாகவே இருந்தது. அது அப்பிக்குகளுக்கு நெருடலாக இருந்ததாகவும், அதனாலேயே மன்னன் தலதாவை முன்னே செல்லப் பணித்ததாகவும் சொல்வார்கள். மன்னனோ தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன். ஆக, கண்டியின் மிகப் பெரிய விழா இன்றைய வடிவத்தைப் பெற்றதிலேயே பல நாட்டவரின் பங்கு இருக்கிறது.

இதில் நாம் எங்கே இருந்தோம்?

1626 இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் இராச்சியத்தில் இடம் கொடுத்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். மலைநாட்டில் 'மடிகே பத்த' என்ற போக்குவரத்துத் துறையில் நம் முன்னோர் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி வந்தார்கள், பாக்கு ஏற்றிச் சென்றார்கள். கண்டி மண்ணில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தன் நூலில் கண்டியிலிருந்த சோனகர் பள்ளி ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். காணி உடையவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்பது முன்னைய மன்னன் ஒருவன் வழங்கிய உரிமையாம்.

1760 இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொன்று சியாம் இளவரசன் ஒருவனை அரியணையில் அமர்த்தப் பிரதானிகள் சிலர் சதி செய்தார்கள். அதை மன்னனுக்குத் தெரிவித்தவர்களில் ஒருவர் கோபால முதலியார் என்ற முஸ்லிம். வைத்தியப் பரம்பரையைச் சேர்ந்த அவருக்கு மன்னன் காணி கொடுத்துக் கௌரவித்தான்.

இனி, கசப்பான பகுதி.

கம்பளையில் வலஹாகொட தேவாலயப் பெரஹரா அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்று பிரச்சினை எழுந்தது. ஆட்சேபித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த கரையோரச் சோனகர். தேவாலயத் தரப்பு, பௌத்த சமயத்தைப் பாதுகாப்போம் என்று 1815 கண்டி உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கொடுத்த வாக்கைக் காட்டியது. 1914 இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கில் வென்றது நம் தரப்பு.

ஆனால் அந்த வெற்றி நமக்கு எதைத் தந்தது? மூன்று மாதங்கள் கழித்து, மே 28 வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே பக்திப்பாடல் ஊர்வலம் வந்தது. கேலிக் கூச்சல் எழுந்ததாகச் சொல்லப்பட்டது, கற்கள் பறந்தன. சில நாட்களில் கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. நம் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன, உயிர்கள் போயின. பிறகு ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்கள மக்களைச் சுட்டார்கள். இரு தரப்பு வீடுகளிலும் மையித்து விழுந்தது.

மேளத்துக்காக யாரையும் கொல்லலாம் என்று ஆகாது. கொள்ளையும் கொலையும் செய்தவர்களே அதற்குப் பொறுப்பு. ஆனாலும் பக்கத்து வீட்டாருடன் பேசித் தீர்க்க வேண்டியதை நீதிமன்றத்தில் மட்டும் தீர்க்கப் போனால் என்னவாகும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

2018 மார்ச்சில் மீண்டும் பார்த்தோம். தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்களச் சாரதி உயிரிழந்தார். அடுத்து திகன, தெல்தெனிய, அக்குறணை என்று தீ பரவியது. இம்முறை வதந்தி வந்த வழி கைத்தொலைபேசி. அந்த வாரத்தில் பாடசாலைக்கு வர முடியாமல் இருந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். அவர்களுக்கு 2018 தெரியும். 1626 தெரியாது, கோபால முதலியாரைத் தெரியாது. தாங்கள் இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் என்ற எண்ணத்தோடு வளர்கிறார்கள். நமக்குக் கவலை தருவது அதுதான்.

எனவே உறவுகளே, ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்லுங்கள். கெட்டம்பேயில் ஆற்றைக் காட்டி நீர் வெட்டுவதைப் பற்றிச் சொல்லுங்கள். பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையைக் காட்டி, 1638 இல் அங்கே போர்த்துக்கேயப் படை தோற்ற கதையைச் சொல்லுங்கள். உடவத்தகெலேயில் மன்னரின் காடாயிருந்த மரங்களுக்கடியில் நடக்க விடுங்கள். வயல் கிடந்த இடத்தில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய கண்டி வாவியைச் சுற்றி வாருங்கள்.

பெரஹரா நாட்களில் தூரத்திலிருந்து வருபவர்களுக்கு நம் கடை வாசலில் உட்கார இடமும், குடிக்கத் தண்ணீரும் கொடுப்போம். அதற்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை.

அடுத்த முறை "நமக்கென்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டால், நம் வீடுகளிலேயே பதில் இருக்கட்டும்.