தாங்கும் நீர்

நீர் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் மட்டுமன்று, நலிந்த உடலைத் தாங்குவதற்கும் உரியது. கழுத்தளவு நீரில் நிற்பவர் தம் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே கால்களில் சுமக்கிறார். ஆதலின், தரையில் அசைக்கவியலாத கால் நீரில் அசைகிறது. வெதுவெதுப்பு இறுகிய தசையை இளக்குகிறது. இவ்வியல்பை முறையான மருத்துவமாக வளர்த்த வரலாற்றில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூராகிய வார்ம் ஸ்பிரிங்சுக்குச் சிறப்பிடம் உண்டு.

1921ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 39ஆம் வயதில், பிராங்கிளின் ரூஸ்வெல்ட் இளம்பிள்ளை வாதம் என மருத்துவர் கூறிய நோயால் கால்களின் இயக்கத்தை இழந்தார். வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுநீரில் பயின்ற இளைஞர் ஒருவர் தடியூன்றி நடக்கலானார் என்ற செய்தி கேட்டு, 1924 அக்டோபரில் அங்குச் சென்றார். நிலத்தடியிலிருந்து வரும் அந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 31 பாகை செல்சியஸ். 1926இல் தம் செல்வத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு அவ்விடத்தை வாங்கினார். 1927இல் அங்கு மருத்துவ அறநிறுவனம் ஒன்றை நிறுவினார்.

அங்கு நீருக்குள் அமைத்த பலகைமீது நோயாளி படுத்திருப்பார். பயிற்றுநர் நீரில் நின்று காலைத் தாங்கிப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டுவார். உயிர்ப்பு எஞ்சியுள்ள தசை எதுவெனக் கண்டறிந்து, அதனை இயக்குமாறு பழக்குவார். இஃது அற்புதமன்று, பொறுமை மிக்க பயிற்சியேயாகும். ரூஸ்வெல்ட் இறுதிவரை துணையின்றி நடந்தாரல்லர். ஆயினும், உடல்வலிமையும் மனத்திண்மையும் பெற்று, 1932இல் நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அந்நாளில் அக்குளங்கள் வெள்ளையருக்கே திறந்திருந்தன. கறுப்பின மக்கள் அங்கு ஏவல் புரியலாம். நோயுற்றால் அந்நீரில் இறங்க இயலாது. அன்னாருக்கென அண்டை மாநிலமாகிய அலபாமாவில், டஸ்கீகியில், 1941இல்தான் தனி மருத்துவ நிலையம் திறக்கப்பெற்றது. அதுவரை மருத்துவமின்றி வாடிய சிறாரின் இழப்பை எந்தக் கணக்கால் அளப்பது?

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் வார்ம் ஸ்பிரிங்சிலேயே மறைந்தார். சரியாகப் பத்தாண்டு கழித்து, அதே நாளில், ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி பயன்தரும் என்று அறிவிக்கப்பெற்றது. நோய் ஒடுங்கலாயிற்று, ஆனால் நீர்மருத்துவம் மறைந்துவிடவில்லை. 1980இல் கலிபோர்னியாவில் ஹெரால்டு டல் என்பார், தாம் பயின்ற ஷியாட்சு என்னும் ஜப்பானிய அழுத்தி நீவும் கலையை வெந்நீர்க் குளத்தில் மிதப்பவர்க்குச் செய்யலானார். 'வாட்சு' எனப் பெயர்பெற்ற அம்முறை பின்னர் மறுவாழ்வு மருத்துவத்திலும் இடம்பெற்றது.

மருத்துவ வரலாற்றைக் கற்பிக்கும்போது, கண்டறிந்தவர் பெயரையும் ஆண்டையும் கூறி அமைதல் போதாது. அப்பயன் யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் மாணவர் வினவக் கற்றல் வேண்டும். நீர் தன்னுள் இறங்கியவர் எவரையும் ஒருபடித்தாகவே தாங்குகிறது. இறங்கவிடாமல் தடுத்தவர் மனிதரே.