பனியன் வேஸ்டும் பாலிஷ் பேடும்

பருத்தி ஏலம் நடக்கும் மூலனூரை உள்ளடக்கிய திருப்பூர் மாவட்டத்தில், பின்னலாடை வெட்டும்போது மிஞ்சும் துண்டுத் துணி ‘பனியன் வேஸ்ட்’ எனப்படுகிறது. மென்மையானது, எண்ணெயை உறிஞ்சும். ஆகவே வாகனப் பட்டறைகளில் துடைக்கவும் பாலிஷ் போடவும் பயன்படுகிறது. அழுக்கானால் எறிந்துவிடுவர், மண்துகளும் அதோடு போய்விடும்.

1920களில் கார்களுக்கு வந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் தேய்த்தால்தான் பளபளக்கும். பின்னர் பாலிஷ் இயந்திரங்களும், திரும்பத் திரும்பப் பயன்படும் கம்பளி, நுரைப் பேடுகளும் பரவின. பேடில் தங்கும் துகள் அடுத்த வண்டியைக் கீறும். எனவே வேலை முடிந்ததும் சோப்பு நீரில் அலசி, நிழலில் நன்கு உலர்த்தி, மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

துணியிலும் ஆபத்து உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால், ஆக்சிஜனுடன் வினைபுரிந்து சூடேறித் தானே தீப்பற்றலாம். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுவதே பாதுகாப்பு.