படத்திலிருந்து ஒலி பிரிந்த வரலாறு

வீடியோக் கோப்பிலிருந்து ஒலியை மட்டும் தனியே எடுப்பது இன்று சில நொடி வேலை. அந்த ஒலி சிதையாமல் வருமா என்பது, அதைப் படத்தோடு எப்படிச் சேர்த்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கடந்த நூறாண்டில் சேர்க்கும் முறை மாறிய ஒவ்வொரு தடவையும் பிரிக்கும் முறையும் மாறியிருக்கிறது.

பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் பிரிப்பதற்கான தேவையே எழவில்லை. 1926இல் வார்னர் சகோதரர்கள் வெளியிட்ட 'டான் ஜுவான்' படத்தின் ஒலி, 16 அங்குல இசைத்தட்டுகளில் இருந்தது. ரீலுக்கு ஒரு தட்டு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. முள் தாவிவிட்டால் திரையில் உதடு ஒன்று சொல்லும், காதில் வேறொன்று விழும். இத்தகைய தொல்லைகளால் ஒலியை ஃபிலிமிலேயே பதிக்கும் முறை வென்றது.

35 மி.மீ. ஃபிலிமில் ஒலித்தடம் படச் சட்டங்களுக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே மெல்லிய கோடாக ஓடியது. படம் விளக்கின் முன் நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோ சீரான ஓட்டம் வேண்டும். ஆகவே ஒரு சட்டத்துக்குரிய ஒலியைச் சுமார் 20 சட்டங்கள் முன்னால் அச்சிட்டார்கள். ஃபிலிமை ஓரிடத்தில் வெட்டினால் ஒரு காட்சியின் படமும் இன்னொரு கணத்தின் ஒலியும் அறுபட்டன. 1931இல் வெளியான இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா'வில் பயன்பட்ட டானர் கருவி, படத்தையும் ஒலியையும் ஒரே நெகட்டிவில் பதிந்தது. தொகுப்பவருக்கு இரண்டையும் தனித்தனியே கையாள இடமில்லை. ஒலிக்குத் தனி நெகட்டிவ் வைத்து, இறுதிப் பிரதியில் மட்டும் இரண்டையும் இணைக்கும் வழக்கம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது.

படமில்லாமல் படம் 'கேட்கும்' பழக்கம் தமிழ்நாட்டில் ஆழமாக ஊன்றியது. வானொலி நிலையங்கள் திரைப்பட ஒலியைச் சுருக்கி 'ஒலிச்சித்திரம்' என ஒலிபரப்பின. 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதை வசனம் இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் வந்து, விழாப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளில் முழங்கியது.

வீட்டுக்கு வீடியோ வந்தபோது பிரிக்கும் வேலை ரசிகரின் கைக்கு வந்தது. 1976இல் ஜப்பானில் அறிமுகமான விஎச்எஸ் நாடாவில் ஒலி ஓரத்தில் நீளவாக்கில் பதிவானது. இந்தியாவில் புழங்கிய பால் (PAL) வீடியோ முறையில் நாடாவின் வேகம் நொடிக்குச் சுமார் 2.34 செ.மீ.; சாதாரண ஆடியோ கேசட்டின் வேகமோ 4.76 செ.மீ. வேகம் குறைந்தால் உயர் சுரங்கள் மங்கும். விசிஆரிலிருந்து டேப் ரிகார்டருக்கு ஒயர் போட்டு எடுத்தால், இரைச்சல் இன்னொரு படி ஏறியது. இரண்டரை மணிப் படத்துக்கு இரண்டரை மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

இலக்கக் கோப்பு இந்தக் கணக்கை மாற்றியது. 1991இல் ஆப்பிளின் குவிக்டைமும், 1992இல் மைக்ரோசாஃப்டின் ஏவிஐயும், 1993இல் எம்பெக்-1 தரமும் வந்தன. எம்பெக்-1இல் படமும் ஒலியும் சிறு பொட்டலங்களாக மாறி மாறி அடுக்கப்படுகின்றன. எது எந்த ஓடையைச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஓர் எண் இருக்கிறது. எம்பெக்-1ஐப் பயன்படுத்தும் விசிடியில் படத்துக்கு நொடிக்குச் சுமார் 1,150 கிலோபிட், ஒலிக்கு 224 கிலோபிட். ஒலி எண் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தால், வட்டில் இருந்த ஒலி ஒரு பிட் மாறாமல் கிடைக்கும். எம்பி4இல் பொட்டலத் தலைப்புக்குப் பதில், ஒலித் துண்டுகள் கோப்பில் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் அட்டவணை இருக்கிறது.

2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் மென்பொருள், படத்தை விலக்கி ஒலியை அப்படியே நகலெடுக்கும் வசதியை ஒற்றை வரிக் கட்டளையாக்கியது. எனினும் பல மென்பொருள்கள் இன்றும் எம்பி3யாகவே ஒலியைத் தருகின்றன. எம்பி4இல் பெரும்பாலும் இருப்பது ஏஏசி ஒலி. அதை எம்பி3 ஆக்கும்போது ஏற்கெனவே சுருக்கப்பட்டது மறுபடி சுருங்குகிறது. 128 கிலோபிட் ஒலியை 320 ஆக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, முதல் சுருக்கத்தில் போனது திரும்பாது. வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைச் சேமிப்பவர்கள் எம்பி3யாக மாற்றுவதைவிட, அதே ஏஏசி ஓடையை எம்4ஏ கோப்பில் நகலெடுத்து வைப்பதே சரி.