எண்ணெய்ப் பிடிகலன்

எண்ணெய்ப் பிடிகலன் என்பது உள் எரி பொறியின் கிராங்க் அறையிலிருந்து வெளியேறும் வாயுவில் கலந்துள்ள எண்ணெய்த் துளிகளைப் பிரித்துச் சேகரிக்கும் சிறு கலன் ஆகும். பட்டறைகளில் இது ஆயில் கேட்ச் கேன் என்று அழைக்கப்படுகிறது. பந்தயச் சீருந்துகளில் நெடுங்காலமாகப் பயன்படும் இக்கலனை, டர்போ பொருத்திய சீருந்துகளிலும் ஜீப்புகளிலும் உரிமையாளர்கள் தனியே பொருத்திக்கொள்வதும் உண்டு. இதில் தேங்கும் நீர்மத்தை உரிய காலத்தில் வடிக்காவிட்டால், எண்ணெயைத் தடுக்க வேண்டிய கலனே அதைப் பொறிக்குள் அனுப்பும் வழியாகிவிடும்.

தேவை

பொறி இயங்கும்போது எரிந்த வாயுவின் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்க் அறைக்குள் கசிகிறது. இதில் நீராவி, எரியாத எரிபொருள், புகைக்கரி ஆகியவை உள்ளன. அறையில் தெறிக்கும் எண்ணெயின் நுண்துளிகளும் இதனுடன் கலக்கின்றன. இவ்வாயு வெளியேற வழியில்லையெனில் அழுத்தம் பெருகி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும்.

பழைய பொறிகளில் இவ்வாயு ஒரு குழாய் வழியாகச் சாலையிலேயே விடப்பட்டது. இதனால் காற்று மாசடைவது அறியப்பட்ட பின், வாயுவை மீண்டும் பொறிக்கே அனுப்பி எரிக்கும் முறை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் பாரத் நிலை விதிகளும் பெட்ரோல் சீருந்துகளில் கிராங்க் அறை வாயு வெளிக்காற்றில் கலப்பதை அனுமதிப்பதில்லை.

இவ்வாறு திரும்பிச் செல்லும் எண்ணெய், உள்ளிழு குழாயிலும் வால்வுகளிலும் படிகிறது. டீசல் பொறிகளில் இது புகைக்கரியுடன் சேர்ந்து தார் போல இறுகும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் பொறிகளில், வால்வின் மீது எரிபொருள் படாததால் படிவு கழுவப்படுவதில்லை. இப்படிவைக் குறைப்பதே பிடிகலனின் நோக்கம்.

அமைப்பு

கலன் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. உள்ளே தடுப்புத் தகடுகளும் எஃகு வலையும் இருக்கும். வாயு திசை மாறும்போது எண்ணெய்த் துளிகள் இவற்றில் மோதி ஒன்றுசேர்ந்து அடியில் தேங்குகின்றன. எஞ்சிய வாயு மற்றொரு குழாய் வழியாக உள்ளிழு பகுதிக்குச் செல்கிறது. இக்குழாயை வெளிக்காற்றில் திறந்துவிடுவது மாசு விதிகளுக்கு முரணானது.

பல மோட்டார் சைக்கிள்களில் காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில், முனை அடைக்கப்பட்ட ஒளி ஊடுருவும் சிறு குழாய் ஒன்று காணப்படும். இதுவும் இத்தகைய படிவைச் சேர்க்கும் எளிய அமைப்பே.

பராமரிப்பு

1. பொறியை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான புகைபோக்கிக் குழாயில் எண்ணெய் சிந்தினால் தீப்பற்றக்கூடும்.
2. புதிதாகப் பொருத்திய கலனை முதல் 1000 கிலோமீட்டரில் சோதித்து, தேங்கிய அளவைக் கொண்டு அடுத்த இடைவெளியை முடிவு செய்யலாம். கலன் பாதி நிறைவதற்குள் வடித்துவிட வேண்டும்.
3. எண்ணெய் மாற்றும்போது வலையைக் கழற்றிக் கழுவி, முழுதும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும்.
4. குழாய்களில் விரிசல், நசுங்கல், அடைப்பு உள்ளனவா எனப் பார்த்துக் கிளாம்புகளை இறுக்க வேண்டும்.
5. வடித்த நீர்மத்தை மீண்டும் பொறியில் ஊற்றக் கூடாது. அதில் நீரும் எரிபொருளும் கலந்திருக்கும்.

நீர்மம் காட்டும் குறிகள்

வெண்ணெய் போன்ற வெளிறிய கலங்கல், எண்ணெயில் நீர் சேர்ந்திருப்பதைக் காட்டுகிறது. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலையூர்களில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் இது இயல்பு. தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற வெப்பமான சமவெளி ஊரில், நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இது தொடர்ந்து காணப்பட்டு, ரேடியேட்டர் நீரும் குறைந்தால், சிலிண்டர் தலைக் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

வழக்கத்தைவிடத் திடீரென மிகுதியாக எண்ணெய் சேர்ந்தால், பொறியில் எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். கோடைப் புழுதியில் மண் சாலைகளில் ஓடும் டிராக்டர்கள், சுமை வண்டிகள் ஆகியவற்றில் காற்று வடிகட்டி பழுதானால் வளையங்கள் விரைந்து தேயும். ஆகவே ஒவ்வொரு முறையும் வடித்த அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வைப்பது பயன் தரும்.

ஆபத்துகள்

டீசல் பொறிக்குள் எண்ணெய் மிகுதியாக உறிஞ்சப்பட்டால் அதுவே எரிபொருளாகிப் பொறி கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று செல்லும் வழியை அடைத்து நிறுத்த இயலும். வெறுங்கையால் அடைக்க முயல்வது பெரும் காயத்தை விளைவிக்கும்.

பந்தயங்களில்

தடத்தில் சிந்தும் எண்ணெய் பின்வரும் வண்டிகளைச் சறுக்கச் செய்யும். எனவே பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகள், திறந்த சுவாசக் குழாய் உள்ள பந்தயச் சீருந்துகளில் பிடிகலனைக் கட்டாயமாக்கியுள்ளன. 2000 கன சென்டிமீட்டர் வரையிலான பொறிகளுக்குக் குறைந்தது 2 லிட்டரும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 3 லிட்டரும் கொள்ளளவு வேண்டும். நீர்மத்தின் அளவு வெளியே தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட தடத்தில் சீருந்துப் பந்தயங்கள் நடைபெறுகின்றன.

கழிவு அகற்றல்

பயன்படுத்திய எண்ணெய், இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தீங்கு விளைவிக்கும் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. வடித்த நீர்மத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் மூடிய கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் திரட்டும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
டீசல் பொறி
மசகு எண்ணெய்